கதை சொல்லும் கணினி விளையாட்டுகள்

முன்னுரை

கதை கேட்க விரும்பாத மனிதர் உலகில் இல்லை. பாட்டியின் மடியில் கேட்ட கதை, திருவிழாப் பந்தலில் விடிய விடியப் பார்த்த நாடகம், கொட்டகையில் கண்ட திரைப்படம் என்று காலத்துக்குக் காலம் கதை தன் உடையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று அது கைப்பேசியிலும் கணினியிலும் விளையாட்டு என்னும் புத்துடை உடுத்தி நம் வீட்டுக்குள் நுழைந்துள்ளது. "எப்போது பார்த்தாலும் அதில் என்னதான் இருக்கிறது?" என்று அம்மா கடிந்துகொள்வதும், "இன்னும் ஐந்தே நிமிடம், அம்மா!" என்று பிள்ளைகள் கெஞ்சுவதும் நம் மதுரையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய உரையாடல்தான்.

கண்ணுக்குக் கேடு, படிப்புக்குக் கேடு என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அம்மாவின் கேள்வியைச் சற்றே ஆழ்ந்து நோக்கினால் அது மிக நல்ல கேள்வி என்பது புலனாகும். அதில் என்னதான் இருக்கிறது? அந்த விளையாட்டு நமக்கு என்ன கதை சொல்கிறது? யார் பக்கம் நின்று சொல்கிறது? ஆள்வோரின் தவற்றையும் சமுதாயத்தின் கொடுமையையும் சுட்டிக்காட்டும் ஆற்றல் ஒரு விளையாட்டுக்கு உண்டா? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உவமையின் வலிமை

அரசியலைக் கதைக்குள் மறைத்துச் சொல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. விவிலியத்தில் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை நாம் யாவரும் அறிவோம். தாவீது அரசர் உரியா என்னும் வீரரின் மனைவியைக் கவர்ந்து, அவ்வீரரையும் போர்முனையில் மடியும்படி செய்துவிட்டார். நாடாளும் மன்னரிடம் "நீர் செய்தது கொலை" என்று நேருக்கு நேர் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடுகள் உடைய செல்வன் ஒருவன், ஓர் ஏழை மகளைப் போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டான் என்பதே அந்தக் கதை. கேட்ட அரசர் கொதித்தெழுந்தார்; அப்படிச் செய்தவன் சாகவேண்டியவன் என்று தீர்ப்பும் கூறிவிட்டார். அந்தச் செல்வன் வேறு யாருமல்லன், தீர்ப்பளித்த அரசரே என்பதை அதன் பிறகுதான் நாத்தான் வெளிப்படுத்தினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குற்றம் சாட்டியவர் நாத்தான். ஆனால் தீர்ப்புச் சொன்னவர் குற்றவாளியே. கேட்பவரையே நீதிபதி ஆசனத்தில் அமர்த்திவிடுவதுதான் உவமையின் வலிமை. இதை நினைவில் நிறுத்திக்கொண்டால் மேலே செல்வது எளிது.

திருமங்கலத்து மேடை

நம் மதுரைச் சீமையிலும் இந்த வழியைக் கையாண்ட பெருமக்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் தியாகி விசுவநாததாஸ். 1886-ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்த நாடகக் கலைஞர் அவர். அன்று நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1876-ஆம் ஆண்டிலேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை அவர்கள் இயற்றியிருந்தார்கள். அரசுக்கு எதிரான நாடகம் என்று கருதினால் அதைத் தடை செய்யலாம். ஆனால் வள்ளி திருமணத்தைத் தடை செய்ய முடியுமா? தினைப்புனத்தில் வள்ளி பறவை ஓட்டுவது ஊரறிந்த கதைதானே!

அந்தப் பறவை ஓட்டும் கட்டத்தில்தான் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்று மேடையில் ஒலித்தது. எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். பறப்பது கொக்கு, ஆனால் விரட்டப்பட வேண்டியது யார் என்பது கூடியிருந்த மக்களுக்குச் சொல்லாமலே விளங்கியது. போலீசாருக்கும் விளங்கியது! விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்திருந்த நிலையிலேயே மேடையில் அவர் உயிர் பிரிந்தது.

நாத்தானின் கதையை ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டார். விசுவநாததாசின் நாடகத்திலோ ஆயிரம் பேர் கூடியிருந்து உட்பொருளைத் தாங்களே கண்டுகொண்டார்கள். கதையில் மக்களின் பங்கு கூடிற்று. விளையாட்டில் அந்தப் பங்கு இன்னும் ஒரு படி உயர்கிறது. அங்கே நாம் கேட்பவரும் அல்லர், பார்ப்பவரும் அல்லர், செய்பவர்.

விதியே கதை

கணினிக்கு வெகு காலம் முன்பே விளையாட்டு நம்மிடம் இருந்தது. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் நடந்த அகழாய்வில் பகடைகளும், ஆட்டக்காய்களும், பானை ஓட்டில் செய்த வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. ஊர்ப்புறங்களில் கல்தளத்தில் கோடு கீறி ஆடப்படும் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு எதையும் வெட்ட முடியாது. அப்படியானால் ஆடு எப்படி வெல்லும்? ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நெருங்கி நின்று, புலி நகர இடமில்லாதபடி அடைத்துவிட்டால் வென்றுவிடும். தனியே நிற்கும் ஆடு செத்தது. கூடி நிற்கும் ஆடு பிழைத்தது. இதற்குப் பாட்டு வேண்டாம், வசனம் வேண்டாம். ஆட்டத்தின் விதியே வலியோருக்கும் எளியோருக்கும் இடையிலான அரசியலைச் சொல்லிவிடுகிறது.

மேனாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. விடுமுறை நாட்களில் நாம் வீட்டில் ஆடும் "பிசினஸ்" ஆட்டத்தின் மூதாதை எது தெரியுமா? எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற "நிலக்கிழார் ஆட்டம்". நிலத்தைச் சிலர் வளைத்துப் போட்டுக்கொண்டு வாடகையால் கொழுப்பதும், மற்றவர்கள் கையிருப்பை இழந்து நிற்பதும் எவ்வளவு அநீதி என்பதை ஆடுவோர் தாமே உணர வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக இருவகை விதிகளையும் அமைத்தார். ஒருவகை விதிப்படி ஆடினால் ஒருவர் செழித்து மற்றவர் ஓட்டாண்டியாவர். இன்னொரு வகையில் செல்வம் பெருகினால் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நடந்தது என்ன? இரண்டாம் விதி மறைந்தது. 1935-இல் ஒரு பெரிய நிறுவனம் "மோனாபலி" என்ற பெயரில் முதல் விதியை மட்டும் வைத்து உலகெங்கும் விற்றது. மேகி அம்மையாருக்குக் கிடைத்தது 500 டாலர். பேராசையைக் கண்டிக்கப் பிறந்த ஆட்டம் பேராசையைக் கொண்டாடும் ஆட்டமாகிவிட்டது! பலகையும் காயும் ஏறக்குறைய அவையே. விதி மாறியதும் நீதியும் மாறிவிட்டது.

திரைக்குள் வந்த உவமைகள்

இப்போது கணினி விளையாட்டுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு லூக்காஸ் போப் என்பவர் உருவாக்கிய "பேப்பர்ஸ், ப்ளீஸ்" என்னும் விளையாட்டில் சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஒரு சிறு அதிகாரி. வருவோரின் கடவுச்சீட்டைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாக முடிக்கிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. அந்தக் கூலியில் குடும்பத்தின் சாப்பாடும், குளிர்காய அடுப்பும், மருந்தும் அடங்க வேண்டும். ஒரு நாள் ஒரு கணவர் வருகிறார். அவருடைய தாள்கள் சரியாக உள்ளன. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று அவர் மன்றாடுகிறார். அனுமதித்தால் நமக்குக் கண்டனம் வரும். தவறு மிகுந்தால் கூலியில் பிடிப்பார்கள். மறுத்தால்? முத்திரை நம் கையில் இருக்கிறது.

கொடுங்கோல் அரசு எப்படி நடக்கிறது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். பொல்லாதவர் ஒருவர் மேலே அமர்ந்திருப்பதால் மட்டும் அது நடப்பதில்லை. தன் பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டிய ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஒவ்வொரு நாளும் முத்திரை குத்துவதால் நடக்கிறது. இந்த உண்மையை ஒரு மணி நேர ஆட்டம் நம் கைவிரலுக்கே உணர்த்திவிடுகிறது. தாவீதைப் போல நாமும் நம்மீதே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம்.

போலந்து நாட்டில் 2014-இல் வெளிவந்த "திஸ் வார் ஆஃப் மைன்" என்ற விளையாட்டும் இத்தகையதே. போர் விளையாட்டு என்றால் துப்பாக்கி ஏந்திய வீரனாக இருப்போம் என்று எண்ணுவோம். இதிலோ முற்றுகையிடப்பட்ட நகரத்தில் உணவும் மருந்தும் தேடித் திரியும் பொதுமக்களாக இருக்கிறோம். 1990-களில் போஸ்னியாவின் சரயேவோ நகரம் பட்ட துன்பம் இதற்குத் தூண்டுதலாயிற்று. இவ்விளையாட்டை மேல்வகுப்பு மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக 2020-இல் போலந்து அரசு அறிவித்தது. நாவலுக்கு அருகில் ஒரு விளையாட்டுக்கும் இடம் கிடைத்தது புதுமையல்லவா?

நம் நாட்டிலும் நம் மக்களிடத்தும்

நம் நாட்டில் கொல்கத்தாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் லீனா கேஜ்ரிவால், பெண் பிள்ளைகள் கடத்தப்படும் கொடுமைக்கு எதிராக "மிஸ்ஸிங்" என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். கறுப்பு நிழலுருவமாகப் பெண் வடிவங்களைப் பொதுவிடங்களில் நிறுத்தினார். காணாமற் போன பெண் இருந்த இடத்தில் விழுந்த ஓட்டைபோல் அவை தோன்றும். 2016-இல் அதே பெயரில் கைப்பேசி விளையாட்டு ஒன்றும் வந்தது. அதில் ஆடுபவரே கடத்தப்பட்ட பெண். தப்பிக்க வழி தேட வேண்டும். ஒவ்வொரு வழியும் எளிதில் அடைபட்டுவிடும். "அவள் ஏன் ஓடி வரவில்லை?" என்று வெளியே நிற்பவர்கள் சுலபமாகக் கேட்டுவிடும் கேள்விக்கு இந்த ஆட்டம் மறுமொழி கூறுகிறது. அந்த இடத்தில் நின்று பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

தமிழருக்கே உரிய கதை ஒன்றும் உண்டு. அதன் பெயர் "வெண்பா". கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று இதை வெளியிட்டது. 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரின் கதை இது. விளையாட்டு நடக்கும் இடம் அடுக்களை! தாய் கொடுத்த சமையற்குறிப்பு ஏடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். இதில் அரசியல் எங்கே என்று கேட்கலாம். மகன் கவின் வளர்கிறான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிறான். பாவலன் நிறவெறியர்களால் தாக்கப்படுகிறார். மகன் வருவான் என்று பார்த்துப் பார்த்துச் சமைத்த விருந்து அவன் வராமலே ஆறிப் போகிறது. பிற்பாடு ஒரு கட்டத்தில் நாம் கவினாக ஆடுகிறோம்; தாயின் தமிழ்க் குறிப்பை அவனால் தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிகிறது. மொழியை இழப்பது எப்படியிருக்கும் என்பதைப் பேச்சாளர் ஒருவர் ஒரு மணி நேரம் விளக்கலாம். இவ்விளையாட்டோ அடுப்பின் முன் நம்மை நிறுத்தி, அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் விழிக்க வைத்து அதை உணர்த்திவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதும், சிறு நிறுவனங்களின் படைப்புகளுக்கான விழாவில் தலையாய பரிசும் இதற்குக் கிடைத்தன. தமிழ்த் தாய் ஒருத்தியின் அடுக்களை உலக மேடை ஏறியது நமக்கெல்லாம் மகிழ்ச்சியன்றோ!

இரு பக்கமும் கூர்மை

கத்தி காயும் நறுக்கும், கையும் நறுக்கும். விளையாட்டும் அவ்வாறே. எளியவர் பக்கம் நின்று பேசக்கூடிய அதே கருவி வலியவர் கையிலும் பேசும். அமெரிக்கத் தரைப்படை 2002-இல் "அமெரிக்காஸ் ஆர்மி" என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படையில் சேர ஈர்ப்பது அதன் நோக்கம். அதை ஒளித்தும் வைக்கவில்லை. 2022-இல்தான் அது முடிவுக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் ஆடப்படும் சண்டை விளையாட்டுகள் பலவற்றிலும் எதிரிக்குப் பெயர் இல்லை, தாய் இல்லை, ஊர் இல்லை. அவன் வீழ்ந்தால் நமக்குப் புள்ளி, அவ்வளவே. யாரும் நமக்கு அரசியல் போதிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விதி போதித்துக்கொண்டிருக்கிறது.

எனவே தோழியர் ஒரு விளையாட்டைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த ஆட்டம் எந்தச் செயலுக்குப் பரிசு தருகிறது? இதில் யாருக்குப் பேச வாய் இல்லை? இதைச் செய்தவர் எதற்காகச் செய்தார்? பெற்றோரும் பிள்ளைகளோடு அரை மணி நேரம் அருகில் அமர்ந்து இவற்றைக் கேட்கலாம். "போதும், வை" என்று மட்டும் சொன்னால் கைப்பேசி கீழே வரும். கேட்ட கதை மனத்திலேயே தங்கிவிடும். இன்னொன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அண்ணன் தம்பி கையில்தான் கைப்பேசி. பெண் பிள்ளைக்கு அது கேளிக்கை, வேண்டாதது. அப்படி ஒதுங்கி நின்றால் நாளைய கதைகளில் பெண் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் பிறரே தீர்மானிப்பார்கள். மேகி அம்மையாரும் லீனாவும் ஒதுங்கி நிற்கவில்லை.

நாமே ஓர் ஆட்டம் செய்தால்?

இதற்குக் கணினி கூட வேண்டுவதில்லை. ஓர் அட்டையும் சில சோழிகளும் போதும். நம் சுற்றுப்புறத்துக் கண்மாய்ப் பாசனத்தை எடுத்துக்கொள்வோம். மடையை அடுத்த வயல்கள் தலைமடை. கடைசியில் இருப்பவை கடைமடை. ஆடுபவர் மடை திறக்கும் நீர்பாய்ச்சி. இருக்கும் தண்ணீர் 20 சோழி, வயல்கள் 10, ஒவ்வொன்றுக்கும் 2 சோழி இருந்தால் பயிர் விளையும். தலைமடைக்காரர் ஊரில் பெரியவர்; 4 சோழி கேட்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த சுற்றில் நீர்பாய்ச்சியின் வேலைக்கு ஆபத்து. கடைமடையில் இருப்பவர் ஒரு விதவைத் தாய். அவர் கேட்கக்கூட வருவதில்லை.

இந்த ஆட்டத்தில் வெற்றியை எப்படிக் கணக்கிடலாம்? மொத்த விளைச்சலை எண்ணினால் ஒரு நீதி. நீர்பாய்ச்சியின் வேலை நிலைப்பதை எண்ணினால் இன்னொரு நீதி. கடைசி வயல் விளைந்ததா என்பதை மட்டும் எண்ணினால் வேறொரு நீதி. மூன்றையும் ஒவ்வொரு முறை ஆடிப் பாருங்கள். வகுப்பில் பெரிய வாக்குவாதமே எழும். அந்த வாக்குவாதம்தான் நல்ல விளையாட்டு தரும் உண்மையான பரிசு.

முடிவுரை

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. எச்சரிக்கையாகச் சொன்ன சொல் அது. ஆனால் வினை என்றால் செயல் என்றும் பொருள் உண்டல்லவா? திரையில் நாம் செய்து பழகும் செயல் நம் மனத்தில் தடம் பதிக்கிறது. ஆகவே எந்தச் செயலைச் செய்து பழகுகிறோம் என்று அறிந்து விளையாடுவோம். எளியவரை மிதித்து ஏறும் ஆட்டங்களை இனம் கண்டு விலக்குவோம். எளியவர் இடத்தில் நம்மை நிற்க வைக்கும் ஆட்டங்களைப் போற்றுவோம். கடைமடை வயலும் விளைகின்ற விதிகளை, முதலில் அட்டையிலும் பின்னர் நாட்டிலும், நாமே வகுக்க முன்வருவோம்!